கடனைக் கட்டித் தருகிறோம் என்றார்கள்

என் தங்கை பிராந்திய ராணுவத்தில் பகுதிநேர அதிகாரியாகத் தேர்வானபோது, குமாரபாளையத்தில் எங்கள் வீதிக்காரர்கள் வாழ்த்துச் சொன்ன கையோடு கேட்டது ஒன்றைத்தான். "பட்டாளத்துல லோனக் கட்டிக் குடுத்துருவாங்களா?"

அவள் டாக்டர். படிப்புக்கு வங்கியில் வாங்கிய கடனுக்கு எங்கள் வீடும் அதை ஒட்டிய தறிக்கூடமும் ஈடாக இருந்தன. சில நாடுகளில் பகுதிநேரமாக ராணுவத்தில் சேரும் டாக்டர்களின் படிப்புக் கடனை அரசே ஊக்கத்தொகையாக அடைக்கிறது என்று, நான் வேலை பார்க்கும் நாளிதழில் ஒருமுறை செய்தி போட்டிருந்தோம். அவளுக்கு அப்படி எதுவும் கிடைக்கப்போவதில்லை. அது தெரிந்துதான் விண்ணப்பித்தாள். வருடத்தில் சில வாரங்கள் கேம்ப். அந்த நாட்களுக்கு மட்டும் ராணுவச் சம்பளம். அங்கே அவள் ஊசி போடுவதும் இல்லை. மற்ற அதிகாரிகளோடு ஓடுகிறாள், சுடப் பழகுகிறாள், வெயிலில் நிற்கிறாள்.

"லோனும் கட்ட மாட்டாங்க, டாக்டர் வேலையும் இல்ல. அப்புறம் எதுக்கு சாமி போற?" என்றார் பக்கத்து வீட்டுப் பெரியப்பா.

"புடிச்சிருக்குதுங்க பெரியப்பா."

அதற்கு மேல் அவள் யாருக்கும் விளக்கியதில்லை. எனக்கும்தான்.

நகரத்தில் ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் அவள் வேலை பார்த்த தனியார் மருத்துவமனையின் சேர்மன் ஒருநாள் அவளைக் கூப்பிட்டார். ஞாயிறு இணைப்பில் கட்டுரை வர வேண்டும் என்ற எண்ணத்தில் என்னையும் வரச் சொல்லியிருந்தார். இரண்டு பேருக்கும் இளநீர் வந்தது.

"ஏனுங்க டாக்டரம்மா, லோன் எவ்வளவுன்னு நான் கேக்கல. எங்ககூட இருக்கற வரைக்கும் மாசத் தவணைய ஆஸ்பத்திரி கட்டிரும்."

"எதுக்குங்க சார்?"

"நீங்க நாட்டுக்குச் செய்யறீங்க. நாங்க உங்களுக்குச் செய்யறோம். போட்டோ ஒண்ணு மட்டும் வேணும். யூனிபார்ம்ல. அஞ்சு ரோட்டு முக்குல பெருசா ஃப்ளெக்ஸ் வெச்சரலாம்."

"அந்த டிரெஸ் என்னோடது இல்லீங்க சார். விளம்பரத்துக்குக் குடுக்க எனக்கு உரிமை இல்ல."

"யாரு வந்து பாக்கப் போறாங்க?"

"தெனம் அந்த வழியாத்தான் வாரேன். நான் பாப்பேனுங்க."

சேர்மன் கோபப்படவில்லை. என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க மேடம். பேப்பர்ல இருக்கறவங்களுக்கு விளம்பரத்தோட அருமை தெரியும்."

"தெரியுங்க. அதனாலதான் பேசாம இருக்கறேன்," என்றேன்.

பேச்சு அதோடு முடிந்தது என்று நினைத்தோம். மறுவாரம் மருத்துவமனை மேனேஜர் குமாரபாளையத்துக்கே போய் அப்பாவைப் பார்த்திருக்கிறார். டாக்டரம்மாவை வாழ்த்தி ஒரு ஃப்ளெக்ஸ் வைக்க ஆசைப்படுகிறோம், படம் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார். எங்கள் ஊரில் வாழ்த்து ஃப்ளெக்ஸ் என்பது மொய் மாதிரி. பிளஸ் டூவில் தேறினாலும் வைப்பார்கள், சங்கத் தேர்தலில் ஜெயித்தாலும் வைப்பார்கள்; கீழே வாழ்த்தியவர்களின் தலைகள் வரிசையாக இருக்கும். ஒருவர் வாழ்த்த வந்தால் வேண்டாம் என்று சொல்லும் வழக்கம் கிடையாது. தங்கை தேர்வானபோது எங்கள் தறி வீதியிலேயே மூன்று இருந்தன. இதையும் நான்காவது என்று நினைத்து, சீருடைப் படத்தை அப்பா வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார்.

ஐந்து ரோட்டில் வந்த ஃப்ளெக்ஸில் வாழ்த்து இல்லை. மேலே மருத்துவமனையின் பெயர், நடுவில் ஆளுயரத்துக்கு என் தங்கை. அவளுக்குக் கீழே, 'எல்லை காக்கும் கரங்கள் இனி உங்கள் மூட்டுகளையும் காக்கும்' என்று எழுதியிருந்தது. அவள் பொது மருத்துவர். மூட்டுக்கும் அவளுக்கும் சம்பந்தமில்லை.

அவள் மேனேஜரிடம் எடுக்கச் சொன்னாள். சேர்மன் ஊரில் இல்லை, வந்ததும் கேட்கிறேன் என்றார். ஃப்ளெக்ஸ் கடைக்காரர், ஆர்டர் கொடுத்தவர்கள் சொன்னால்தான் ஏணி எடுப்பேன் என்றார். பிறகு அப்பாவுக்குப் போன் செய்தாள்.

"வாழ்த்துன்னுதான் சாமி கேட்டாங்க. மாட்டேன்னு எப்படிச் சொல்றது?"

"இப்பச் சொல்லலாமுங்கப்பா."

அப்பா அடுத்த பஸ்ஸில் ஏறினார். மதிய வெயிலில் ஐந்து ரோட்டில் இறங்கி, ஒரு டீக்கடையில் ஏணி கேட்டு வாங்கினார். நானும் தங்கையும் ஏணியைப் பிடித்துக்கொள்ள, தறியில் நூல் நறுக்கும் கத்தியால் கயிறுகளை ஒவ்வொன்றாக அறுத்தார். போக்குவரத்துக் காவலர் ஒருவர் வந்தார்.

"யாருங்க நீங்க? ஆஸ்பத்திரி ஆளா?"

"இல்லீங்க. இதுல இருக்கறது என்ற புள்ளதானுங்க."

காவலர் படத்தைப் பார்த்தார், கீழே வெள்ளைக் கோட்டோடு நின்றவளைப் பார்த்தார். "சட்டுனு முடிங்க. வண்டி மேல உழுந்துரப் போவுது," என்று சொல்லிவிட்டு எங்கள் பக்கம் வந்த வண்டிகளை நிறுத்தினார்.

சேர்மன் அன்று மாலையே ஊரில் இருந்தார். எங்களைக் கூப்பிட்டு, தவணை கட்டும் பேச்சு இனி இல்லை, அடுத்த கேம்ப்புக்கு லீவும் இல்லை என்றார். "வேலை வேணுமா பட்டாளம் வேணுமான்னு முடிவு பண்ணிக்குங்க டாக்டரம்மா."

"பண்ணிட்டுத்தானுங்க வந்தேன்," என்று ராஜினாமாவை மேசையில் வைத்தாள். பேரணிக்கும் பேட்டிக்கும் போய் வருகிற எனக்கு, துணிச்சல் என்ற சொல்லைக் கண்ட இடத்தில் எழுதப் பிடிக்காது. அன்று எழுதலாம் என்று தோன்றியது.

இப்போது தம்மம்பட்டியில் ஒரு சின்ன மருத்துவமனையில் இருக்கிறாள். சம்பளம் குறைவு. தவணை போக மிச்சம் பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் சரியாக இருக்கும். தறிக்கூடம் இன்னும் வங்கியிடம்தான் ஈடாக இருக்கிறது. அப்பா அதில் தறி ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறார்.

போன மாதம் சேர்மன் மேனேஜரை அனுப்பினார். திரும்ப வேலைக்கு வாருங்கள், லீவு தருகிறோம், தவணையும் கட்டுகிறோம், படம்கூட வேண்டாம், எங்கள் டாக்டர் ராணுவத்தில் இருக்கிறார் என்று நாங்கள் சொல்லிக்கொண்டால் போதும் என்றார் அவர். தங்கை கேம்ப்புக்கான பூட்ஸுக்குப் பாலீஷ் போட்டுக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"தவணை தேதி தவறாமப் போயிட்டிருக்குதுன்னு சார்கிட்டச் சொல்லிருங்க. நான் வெள்ளிக்கிழமை கெளம்பறேன்."