பௌர்ணமி நண்டும் நூத்திருபது மெசேஜும்

போன மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை, சென்னையில் ஒரு அபார்ட்மென்ட்டில் மாமியாருக்கும் மருமகளுக்கும் பெரிய சண்டை. காரணம் யாருன்னு நினைக்கிறீங்க? ஏரிக்கரையில் மீன் கழுவிக்கிட்டு இருந்த நான்!

நான் யார் வம்புக்கும் போகாதவள். வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிற உங்களுக்குத் தெரியும். ரெண்டு பேர் எதிரில் வந்து நின்னாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கும். எழுதறப்ப மட்டும்தான் இந்த வாய்.

ஆறு வருஷமா ஏரிக்கரையில் இருக்கிற எங்க கோட்டைக்குப்பத்திலிருந்து வேனில் மீன் ஏத்திக்கிட்டு, வாரம் ஒருநாள் அந்த அபார்ட்மென்ட்டுக்குப் போறோம். என் மருமகள் கவிதா எடை போடுவாள், பேசுவாள். நான் ஓரமா உட்கார்ந்து, தலையைக் குனிஞ்சு மீன் வெட்டுவேன். தலை குனிஞ்சிருக்கிறவளுக்கும் காது உண்டுங்கறதை ஜனங்க மறந்துடறாங்க... எந்த வீட்டில் இன்னா நடக்குதுன்னு எனக்கு அத்துப்படி.

ஒருநாள் கவிதா வந்தாள். "அத்த, மீன் வந்திருக்குன்னு எல்லாருக்கும் ஒரே மெசேஜ் போட்டா எவன் படிக்கிறான்? ஏஐகிட்ட சொன்னா ஆளுக்கொண்ணு தனித்தனியா எழுதும். உனக்குத்தான் எல்லாரையும் தெரியுமே, சொல்லு."

"யார்கிட்ட?"

"போன்கிட்ட."

மனுஷர் இல்லையே... கூச்சம் விட்டுப்போச்சு. ஒரு மணி நேரம் பேசினேன். கல்யாணமான நாளா நான் ஒரே மூச்சில் அவ்வளவு பேசினதில்லை. பக்கத்தில் வலை தைச்சுக்கிட்டு இருந்த என் வீட்டுக்காரர் ஊசியைக் கீழே போட்டுட்டார்!

நூத்திருபது வீடு, நூத்திருபது மெசேஜ். கவிதா மேலே இருந்த ரெண்டைப் படிச்சாள், "சூப்பர் அத்த"ன்னாள், அனுப்பிட்டாள். மீதியை யார் படிச்சது? வாங்கினவங்கதான்.

நாலாவது மாடி சாருக்கு: "பேரம் பேசுவதில் வல்லவரான உங்களுக்கு இனிய காலை வணக்கம்!"

பேங்க்கில் இருந்து ரிட்டையர் ஆன சாருக்கு: "தங்கள் மூலநோய் தற்போது எப்படி உள்ளது? சூடு தராத மடவை மீன் தயார்!"

ரெண்டாவது மாடிப் பொண்ணுக்கு: "மாமியாருக்குத் தெரியாமல் நீங்கள் வாங்கும் இறால் வந்துவிட்டது!" அந்தப் பொண்ணு குடுத்திருந்தது வீட்டுப் பொது நம்பர். போன் அப்போ மாமியார் கையில்.

எல்லாத்துக்கும் கீழே, "உங்கள் அன்புச் சகோதரி"ன்னு என் பேர் வேற.

சிரிக்கறீங்க இல்ல? நானும் தலையில் கையை வச்சுக்கிட்டு சிரிச்சேன்தான் — வசந்தா டீச்சருக்குப் போன மெசேஜைப் பார்க்கிற வரைக்கும்.

முதல் நாள் வாட்ச்மேன் எங்களை விரட்டினப்போ, "இவங்க என் ஆளுங்க, உள்ள விடு"ன்னு சொன்னவங்க டீச்சர். அவங்க முகத்தைத் திருப்பிக்கிட்டா எங்களுக்கு அந்த கேட்டே மூடின மாதிரி. அவங்க வீட்டுக்காரருக்கு நண்டுன்னா உயிர். போன வருஷம் அவர் இறந்துட்டார். அதிலிருந்து டீச்சர் நண்டுக் கூடைப் பக்கம் பார்க்கறதே இல்லை. அவங்க படி இறங்கி வர்றப்ப நானே கூடைமேல் ஈரச் சாக்கைப் போட்டு மூடிடுவேன். இதையும் போன்கிட்ட சொல்லியிருந்தேன். நண்டுப் பேச்சே எடுக்கக்கூடாதுன்னும் சேர்த்துத்தான் சொன்னேன்.

அது எழுதினது: "மறைந்த உங்கள் கணவருக்கு மிகவும் பிடித்த நண்டு, பௌர்ணமி சிறப்புச் சலுகையில்!"

"ஐயோ, அழிச்சுடும்மே!"

"படிச்சிட்டாங்க அத்த. நீல டிக் வந்துடுச்சு."

பதில் வரலை. மத்தியானம் வரைக்கும் வரலை.

"நீயே பேசிடு அத்த. உன் பேர்லதானே போயிருக்கு"ன்னு கவிதா நம்பரைப் போட்டு என் காதில் வச்சுட்டாள்.

"டீச்சர்... நான்... மீனு..."

"தெரியும்மா. அது நீங்க எழுதினது இல்லைன்னு படிச்சதுமே தெரியும்."

"எப்படி டீச்சர்?"

"ஆறு வருஷத்துல பௌர்ணமிக்கு ஒரு நண்டு குடுத்திருப்பீங்களா? உள்ள சதையே இருக்காதுன்னு கையை ஆட்டிடுவீங்களே. அவர் கெஞ்சிக் கேட்டும் குடுக்கலையே!"

சிரிச்சாங்க. சிரிப்பு பாதியில் நின்னு போச்சு. நானும் பேசாம இருந்தேன். பேசாம இருக்கிறது ஒண்ணுதானே எனக்கு நல்லா வரும்.

அப்புறம் அவங்களே, "அமாவாசை கழியட்டும், அப்ப சதை இருக்குமே. அரைக் கிலோ கொண்டுவாங்க. அவர் வைக்கிற மாதிரி மிளகு தட்டிப் போட்டுக் குழம்பு வச்சுப் பார்க்கறேன்"னு சொல்லி போனை வச்சுட்டாங்க.

இப்ப ஏஐயை விட்டுட்டோமான்னா, இல்லை. நூத்திருபது பேருக்குக் கையால் எழுத யாரால் முடியும்? ஆனா யாருக்கு எந்த மீன் பிடிக்கும், எப்படி வெட்டணும் — அவ்வளவுதான் அதுக்குச் சொல்றோம். மீதியெல்லாம் என் தலைக்குள்ளேயே இருக்கட்டும். அன்னிக்கு வலையில் விழுந்ததைப் பார்த்தப்புறம்தான் எழுதவே சொல்றோம். அனுப்பறதுக்கு முன்னாடி கவிதா ஒவ்வொண்ணா எனக்குப் படிச்சுக் காட்டணும். முகத்துக்கு நேரா சொல்ல எனக்குக் கூச்சமா இருக்கிற வரியை அடிச்சுடணும்.

எனக்குத்தான் எல்லாத்துக்கும் கூச்சமாச்சே! அடிச்சு அடிச்சு, இப்ப ஒரே வரிதான் மிஞ்சுது: "மடவை வந்திருக்கு, உங்க அளவுல. வேணுமா?"

முன்னைவிட நிறையப் பதில் வருது. நாலாவது மாடி சாருக்கு மட்டும் குறை. "வல்லவர்"னு இன்னொரு தடவை போடணுமாம். ரெண்டாவது மாடி மாமியார் தனக்கும் அரைக் கிலோ இறால் சொல்லிட்டாங்க... மருமகளுக்குத் தெரியாம!

போன வாரம், அமாவாசைக்கு மறுநாள், டீச்சருக்குக் கனமான நண்டா பொறுக்கிக் கால் கட்டிக்கிட்டு இருந்தேன். கவிதா போனோடு வந்து நின்னாள்.

"அத்த, டீச்சருக்கு இன்னா மெசேஜ் போடட்டும்?"

"மெசேஜ் வேணாம். நண்டை மட்டும் கூடைல போடு."