யூகோவில் சொன்ன சொல்

வீடு எங்கே என்று தோப்ரிலாவைக் கேட்டால், துறையில் ஆடிக்கொண்டிருக்கும் ஆறு மீட்டர் பாய்மரப் படகைக் கைகாட்டுவாள். ஐம்பத்தெட்டு வயது. படுக்கை, அடுப்பு, துணி காயும் கயிறு எல்லாம் அதற்குள்தான். தொழில் முடிவெட்டுவது. கோர்ச்சுலா, லாஸ்தோவோ என்ற இரண்டு தீவுகளுக்கும் இடையில் துறை துறையாகப் போய், கரையில் மடக்கு நாற்காலியைப் போடுவாள். பாதி முடியை வெட்டியதும் கத்தரிக்கோலை நிறுத்திவிடுவாள். "ஒம் மச்சான் ஏன் வீட்ட விட்டுப் போனான்? சொல்லு, மீதிய வெட்டுறேன்." பாதித் தலையோடு எழுந்து போக எவனுக்குத் துணிச்சல் வரும்? ஒரு தீவின் வம்பு இன்னொரு தீவுக்குப் போய்ச் சேர்ந்ததெல்லாம் அந்தப் படகில்தான்.

ஆனால் படகு அவளுடையது மட்டுமல்ல. அப்பா அதை இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து விட்டுப்போனார். தம்பி லோவ்ரே தலைநகர் ஸாக்ரெபில் காலமெல்லாம் டிராம் ஓட்டிவிட்டு, ஓய்வு பெற்று, தொந்தியோடு ஊர் திரும்பினான். வந்த நாளிலிருந்து ஒரே பாட்டு: படகை விற்றுவிடு, கரையில் வந்து இரு. அதை வாங்க, லாஸ்தோவோவில் கோடைக்கால வீடு வைத்திருக்கும் ஒரு பல் டாக்டரை வேறு பிடித்து வைத்திருந்தான்.

"ஒன் வாயால சரின்னு ஒரு வார்த்த சொல்லுக்கா. போதும்."

மாட்டேன் என்று சொல்லிப் பார்த்தாகிவிட்டது. சொல்லச் சொல்ல அவன் கெஞ்சல்தான் கூடியது. பாகம் பிரிக்கச் சொல்லி அவன் வழக்குப் போட்டால் படகு போய்விடும். படகு போனால் தோப்ரிலாவுக்கு வேறு உலகம் இல்லை.

ஒரு நாள் காலையில் அவளுக்கு முழங்கால் குடைந்தது. டப்பாவில் உப்பு ஈரம் கோத்திருந்தது. கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் அசையாமல் கிடந்தது. அவள் முகம் மலர்ந்தது.

"லோவ்ரே, கெளம்பு. லாஸ்தோவோவுக்குப் போலாம். அந்த டாக்டர் முன்னாடியே பதில் சொல்றேன்."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று அவன் துள்ளி ஏறினான்.

யூகோ என்பது தென்கிழக்கிலிருந்து வருகிற காற்று. நம் தென்றலை நினைத்து ஏமாந்துவிடாதீர்கள். ஈரமும் புழுக்கமுமாக வந்து மண்டைக்குள் உட்கார்ந்துகொள்ளும். அது வீசும்போது மனிதனுக்குப் புத்தி சரியாக இராது என்பது அந்தக் கரையின் எழுதாத சட்டம். அன்றைக்கு யாரும் முடிவெடுக்க மாட்டார்கள்; எடுத்தாலும் செல்லாது. டிராம் ஓட்டுகிறவனுக்கு எந்தக் காற்றாக இருந்தால் என்ன, தண்டவாளம் போகிற பக்கம்தானே வண்டி போகும். லோவ்ரே அதை அடியோடு மறந்திருந்தான்.

நடுக்கடலில் காற்று எழுந்தது. அலைகள் தென்கிழக்கிலிருந்து மலை மலையாக வந்தன. லோவ்ரே பாய்மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். முகம் வெளிறியிருந்தது. திடீரென்று கத்தினான்.

"காத்தடிக்கிற ராத்திரியெல்லாம் ஜன்னல்கிட்ட போய் நிக்கிறேங்க்கா! ஒனக்கு ஒண்ணு ஆச்சுன்னா எனக்கு யாரு இருக்கா?"

அந்தக் குடும்பத்தில் இப்படி யாரும் யாரிடமும் பேசியதே இல்லை. தோப்ரிலாவின் கை சுக்கானில் ஒரு கணம் தளர்ந்தது. அடுத்த அலை இருவரையும் தலையோடு நனைத்தது.

"வாந்தி வருதாடா?" என்று மட்டும் கேட்டாள்.

லாஸ்தோவோவில், துறையோரம் பாவே நடத்தும் சாப்பாட்டுக் கடையில் டாக்டர் காத்திருந்தார். சுட்ட மீனும் திராட்சை மதுவும் வந்தன. தோப்ரிலா கையைத் துடைத்துக்கொண்டு நீட்டினாள்.

"சரி டாக்டர். வித்துடலாம்."

டாக்டர் அவள் கையைப் பிடித்துக் குலுக்கோ குலுக்கென்று குலுக்கினார். பாவே ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். வானம் அழுக்குத் துணியாகத் தொங்கியது. சிரிப்பை அடக்க முடியாமல் அவசரமாகச் சமையலறைக்குள் நுழைந்துகொண்டார்.

இரண்டு நாள் கழித்து வாடைக்காற்று வந்து வானத்தைக் கழுவித் துடைத்தது. டாக்டர் வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு, தோளில் புதுக் கயிற்றோடு துறைக்கு வந்தார். பாவே வழிமறித்தார்.

"எங்க டாக்டர் கெளம்பிட்டீங்க? அன்னிக்கி அடிச்சது யூகோ."

"அதுக்கென்ன?"

"செல்லாது. நானே யூகோவுல ரெண்டு தடவ பொண்டாட்டிய வேணாம்னு சொல்லிட்டேன். அங்க பாருங்க, உள்ள மீன் அலசிக்கிட்டு இருக்கா."

வேடிக்கை என்று நினைத்து டாக்டர் சிரித்தார். வலை உலர்த்திக்கொண்டிருந்த யாரும் கூடச் சிரிக்காததைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். படகருகே நின்ற லோவ்ரே தலையில் அடித்துக்கொண்டான்.

"அடிப்பாவி! தெரிஞ்சேதான் கூட்டிக்கிட்டு வந்தியா?"

"உப்பு நனைஞ்சிருந்துச்சுடா. நீ பாக்கலன்னா நான் என்ன பண்ண?"

கோபத்தில் தன் துணிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தவன் பாதியில் திரும்பினான்.

"சரி. அப்ப படகுல நான் ஒளறுனதும் செல்லாது. மறந்துரு."

தோப்ரிலாவுக்குச் சுருக்கென்றது. சட்டப்படி அவன் சொன்னது சரிதான். ஒன்று செல்லாது என்றால் மற்றதும் செல்லாது. எனக்கு யாரு இருக்கா என்று அவன் கத்திய அந்த ஒரு வார்த்தையை இரண்டு நாளாகப் படுக்கையில் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். படகை ஜெயித்த கையோடு அது பறிபோவதை அவளால் தாங்க முடியவில்லை.

"லோவ்ரே! நில்லுடா. இன்னிக்கி என்ன காத்து?"

"வாடை."

"அப்ப இப்ப சொல்லு."

துறையே பார்த்தது. அவன் காது இரண்டும் சிவந்தன.

"மொதல்ல நீ சொல்லு. விக்கிறியா, மாட்டியா?"

"மாட்டேன்."

அவன் பெட்டியைக் கீழே வைத்தான். செருப்பைப் பார்த்தான், கடலைப் பார்த்தான்.

"பயமா இருக்குக்கா. நீ இல்லன்னா எனக்கு யாருமில்ல."

ஊரையே வாயால் கட்டி ஆண்டவள் அழுதுவிட்டாள். பாவே மட்டும் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இது செல்லும்" என்றார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு துறையிலும் கயிற்றைக் கட்டியவுடன் தோப்ரிலா தம்பிக்குப் போன் செய்கிறாள். நல்லா இருக்கேன்டா என்று அவள் யூகோ நாளில் சொன்னால் மட்டும் அவன் நம்புவதில்லை. வாடை அடித்ததும் மறுபடி கூப்பிடச் சொல்லிவிட்டு, அதுவரை ஜன்னலருகே நிற்கிறான்.