ஜோவிதா டீச்சர் பேர் வைத்த கல்

எங்கள் தெருவில் ஜோவிதா டீச்சருக்கு மூன்று பிள்ளைகள் என்பார்கள். நிம்மி, மோலி, அப்புறம் ஒரு கல். கல் ஆகாயத்தில் சுற்றிக்கொண்டிருப்பதால் அதற்கு ஸ்கூல் பீஸ் கிடையாது.

டீச்சர் இங்கே மைசூரில் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் நடத்துபவர். வீட்டுக்காரர் லாய்டுக்கு இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை. வீட்டில் பேசுகிற வேலையை லாய்டின் அப்பா மதலைமுத்து பார்த்துக்கொள்கிறார். பிள்ளைகளுக்குப் பேர் வைப்பதும் அவர் பக்கத்து ஆட்கள்தான். நிம்மிக்கு மாமியார் வைத்தார், மோலிக்கு நாத்தனார். பெற்றவளை ஒருவரும் கேட்கவில்லை. அந்த வருத்தம் டீச்சருக்கு உண்டு என்பது தெருவுக்கே தெரியும், அந்த வீட்டைத் தவிர.

கொரோனாவில் பள்ளிக்கூடம் மூடிக் கிடந்தபோது டீச்சர் ஆகாயத்தில் புதுச் சிறுகோள்களைத் தேடும் ஒரு குழுவில் சேர்ந்தார். வெளிநாட்டுத் தொலைநோக்கி ஒரே இடத்தைச் சில நிமிஷ இடைவெளியில் எடுத்த படங்களை அனுப்புவார்கள். அவற்றை லேப்டாப்பில் மாற்றி மாற்றி ஓடவிட வேண்டும். நட்சத்திரம் அசையாது, அசைகிற புள்ளி இருந்தால் அது சிறுகோள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அடுப்பில் பிரியாணி தம்மில் இருக்கும்போது, ஒரு புள்ளி அசைந்தது.

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே கூட்டமாகச் சுற்றும் கற்களில் அதுவும் ஒன்று. சூரியனை ஒருமுறை சுற்றிவர நாலரை வருஷம். அதுவரை யாரும் பார்த்துச் சொல்லாதது. மாடிவீட்டு கௌரம்மா அது நம் தலையில் விழுமா என்று விசாரித்தார். இந்தப் பக்கமே வராது என்றதும் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

கண்டுபிடித்தவர் பேர் வைக்கலாம் என்று காதில் விழுந்ததும் மதலைமுத்து நேராகச் சர்ச் சாமியாரிடம் போய்க் கல்லுக்கு ஞானஸ்நானம் கேட்டார். தலை இல்லாததற்கு எங்கே தண்ணீர் ஊற்றுவது என்று சாமியார் நழுவினார். கிழவர் விடவில்லை. நன்றிப் பூசை வைத்து, "மதலைமுத்து என்னும் கல்லுக்காக" என்று பீடத்திலிருந்தே படிக்க வைத்துவிட்டார். டீச்சர் தலை குனிந்திருந்தார். ஜெபம் என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

ஆனால் பேர் அவ்வளவு சீக்கிரம் வைக்க முடியாதாம். கல் போகிற பாதை சந்தேகமில்லாமல் தெரிய வேண்டும், அதற்கு வருஷக்கணக்காகத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். அப்புறம் நம்பர் கொடுப்பார்கள், அதற்கப்புறம்தான் பேர். கிழவர் பொறுமையாகக் காத்திருந்தார். பண்டிகைக்குப் பண்டிகை, "பையன் எங்கே போயிட்டிருக்கான்?" என்று மருமகளைக் கேட்பார்.

போன வருஷம் நம்பர் வந்தது. அன்று நான் அவர்கள் குக்கரைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தேன். சும்மா ஒரு காரணம்தான். லாய்ட் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"பூசையிலே படிச்சாச்சு. கோயில்ல சொன்ன பேர மாத்தறதுண்டா?" என்றார் கிழவர்.

"மாத்தல மாமா. நிம்மிக்குக் கோயில்ல என்ன பேரு?"

"மரிய பிரான்சிஸ்கா. எங்கம்மா பேரு."

"ஸ்கூல்ல, ஆதார்ல?"

"நிம்மி."

"அதே மாதிரிதான். கோயில் பேரு உங்களோடது, அப்படியே இருக்கட்டும். வெளியில எழுதற பேர இந்த ஒருவாட்டி நான் வைக்கறேன். என் ரெண்டு பிள்ளைக்கும் என்னை யாரும் கேக்கல மாமா."

நான் குக்கரைக் கீழே வைக்கக்கூட மறந்து நின்றேன். தோற்றால் மதலைமுத்துவுக்குக் கன்னடம்தான் வரும்.

"ஆய்து பிடு," என்றார். போகட்டும் விடு என்று அர்த்தம். "என்ன பேரு?"

"தென்றல். நிம்மிக்கு வைக்க நினைச்சேன். அப்படி ஒரு புனிதர் இல்லேன்னு அத்தை சொல்லிட்டாங்க."

இப்போது உலகத்துப் பட்டியலில் அந்தக் கல் தென்றல்தான். போன வாரம் தேவராஜ மார்க்கெட்டில் இருவரையும் பார்த்தேன். காய்கறிக்கார சிவகுமாரிடம் மதலைமுத்து கதை அளந்துகொண்டிருந்தார்: மருமகள் பேர் தெரியாமல் திண்டாடினாளாம், தென்றல் என்று வை என்று இவர்தான் எடுத்துக்கொடுத்தாராம். பக்கத்தில் டீச்சர் பீன்ஸை ஒவ்வொன்றாக ஒடித்துப் பார்த்துக் கூடையில் போட்டுக்கொண்டே சிரித்துக்கொண்டிருந்தார்.