பிரேக்கை அழுத்த ஓர் ஆள்

லோகநாயகிக்கு நாற்பத்தாறு வயது நடந்துகொண்டிருந்தபோது அவளுடைய அண்ணன் தோத்தாத்ரிக்குக் கல்யாணம் ஆயிற்று. அண்ணனுக்கு அப்போது ஐம்பத்தொன்று. சிட்லபாக்கத்தில் அந்தத் தெருவில் ஒருவருமே அதை எதிர்பார்க்கவில்லை. லோகநாயகியும்தான்.

அண்ணனும் தங்கையுமாக ஒரே வீட்டில் காலம் தள்ளியவர்கள். அவளுக்கு வந்த ஜாதகங்கள் ஒவ்வொன்றாகத் தட்டிப்போயின. தங்கைக்கு ஆகாமல் எனக்கு என்ன அவசரம் என்று அவனும் இருந்துவிட்டான். அப்பா போனார், பிறகு அம்மா போனாள். அவன் கிண்டியில் ஒரு பாங்கில், அவள் சைதாப்பேட்டையில் ஒரு அரசாங்க ஆபீஸில். காலையில் ஒரே மின்சார ரயிலில் போவார்கள். சாயங்காலம் யார் முதலில் வருகிறார்களோ அவர்கள் குக்கர் வைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. இதில் குறை என்று லோகநாயகி எதையும் நினைத்ததில்லை.

தொண்ணூற்றிரண்டில் ஒருநாள் தயிர்சாதத்தைப் பிசைந்தபடி அவன் சொன்னான்: "லோகா, ஆபீஸ்ல ரமான்னு ஒருத்தர் இருக்கா. ஆத்துக்காரர் போய் எட்டு வருஷம் ஆறது. நாங்க ரெண்டு பேரும்... நீ என்ன சொல்றே?"

"ரொம்ப நல்ல விஷயம்ணா," என்றாள். மனசாரத்தான் சொன்னாள். கூறைப்புடவையை அவளேதான் எடுத்தாள். ரமாவும் தங்கமான மனுஷி. ஆறு மாதத்தில் அண்ணனுக்குக் கோயம்புத்தூருக்கு மாற்றல் வந்தபோது, "நீயும் வந்துடேன் லோகா, தனியா இங்க என்ன பண்ணப்போறே?" என்று ரமா கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "உத்தியோகம் இருக்கே மன்னி," என்று லோகநாயகி சிரித்தாள். யாரையும் குற்றம் சொல்ல முடியாத ஒரு பிரிவு. அதனாலேயே யாரிடமும் சொல்லி அழவும் முடியவில்லை.

போகும்போது அண்ணன் மாருதி காரை அவளுக்கு விட்டுப்போனான். அந்தக் காரை அவன் எந்த ஒர்க்‌ஷாப்புக்கும் விட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் பழைய லுங்கியைக் கட்டிக்கொண்டு வண்டிக்குப் பக்கத்தில் சாக்கை விரித்துப் படுத்துவிடுவான். லோகநாயகியை டிரைவர் சீட்டில் உட்கார வைப்பான். "அழுத்து... அப்படியே பிடிச்சுக்கோ... ம், விடு," என்று சக்கரத்தின் அருகிலிருந்து குரல் வரும். மடியில் வாரப்பத்திரிகையை வைத்துக்கொண்டு அவள் பிரேக்கை மிதித்து மிதித்து விடுவாள். கீழே அவன் என்ன செய்கிறான் என்று ஒருநாளும் எட்டிப்பார்த்தது கிடையாது. பார்க்க வேண்டிய தேவை இருப்பதாகவும் தோன்றவில்லை.

அண்ணன் போன பிறகு குரோம்பேட்டையில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து ஓட்டக் கற்றுக்கொண்டாள். ஞாயிறு காலையில் திருநீர்மலைக்குப் போய்ப் பெருமாளைச் சேவித்துவிட்டு வருவாள். மற்ற நாட்களில் வண்டி வாசலில் நின்றது.

மறு வருஷம் பங்குனியில் பிரேக் பிடித்தால் கீச்சென்று ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. அண்ணனுக்கு போன் செய்தாள்.

"அது முன் சக்கரத்துல பிரேக் பேட் தேஞ்சிருக்கும்," என்றான் அவன். "புதுசா ஒரு செட் வாங்கி பீரோ அடித்தட்டுல வெச்சிருக்கேன் பாரு. கண்டவன்கிட்டயும் விடாதே, வேற எதையாவது கழட்டி வெச்சுடுவான். அடுத்த மாசம் வரேன், மாத்தித் தந்துட்டுப் போறேன்."

லோகநாயகி மெத்தையை வெயிலில் போட்டுத் தட்டினாள். அவனுக்குப் பிடித்த ஜவ்வரிசி வடாம் இட்டாள். அவன் வரவில்லை. ரமாவின் அம்மா விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. அதற்கடுத்த மாதம் ஆடிட். பிறகு ஆடி பிறந்துவிட்டது. எல்லாமே உண்மையான காரணங்கள். "இந்த மாசம் கட்டாயம் லோகா," என்று ஒவ்வொரு முறையும் சொன்னான். அவள் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அடுத்த மாதத்துக்குப் போனாள். கீச்சுச் சத்தம் மெல்ல மாறி, இரும்பும் இரும்பும் உரசுகிற கரகர சத்தம் ஆயிற்று.

ஆவணியில் ஒரு ஞாயிறு, திருநீர்மலை அடிவாரத்தில் பூக்கூடையோடு ஒருவர் குறுக்கே வந்தார். லோகநாயகி மிதித்தாள். நிற்க வேண்டிய இடத்தில் வண்டி நிற்காமல் இன்னும் கொஞ்சம் போய்த்தான் நின்றது. கூடை சரிந்து துளசி மாலைகள் ரோட்டில் விழுந்தன. "இன்னாம்மா, ஆள் மேல ஏத்திகினு போயிடுவியா?" என்று அந்த மனிதர் கத்தினார். அவள் வண்டியை ஓரம் கட்டி இறங்கினாள். மன்னிப்புக் கேட்டு, மாலைகளைப் பொறுக்கிக் கொடுத்து, கோயிலுக்குள் போகாமலே இரண்டாவது கியரில் ஊர்ந்து வீடு வந்து சேர்ந்தாள்.

அடுத்த ஞாயிறு பேட் மாற்ற அவளே உட்கார்ந்துவிட்டாள்.

அண்ணனுடைய பழைய சட்டை ஒன்றை மேலே மாட்டிக்கொண்டு, புடவையை இழுத்துச் செருகினாள். பின் சக்கரங்களுக்குக் கல் வைத்தாள். சக்கரத்தின் நட்டுகள் கையால் அசையவில்லை. ஸ்பேனர் மேல் ஏறி நின்று மிதித்தாள். தாம்பரம் விமான தளத்துப் பயிற்சி விமானம் ஒன்று தலைக்கு மேல் வட்டமடித்துக்கொண்டே இருந்தது. ஜாக்கி போட்டுச் சக்கரத்தைக் கழற்றி உள்ளே பார்த்தபோது, இத்தனை வருஷம் தன் காலடியில் நடந்த காரியத்தின் மறுபக்கத்தை முதல் தடவையாகப் பார்த்தாள். பளபளவென்று ஒரு இரும்புத்தட்டு. அதைக் கவ்விக்கொண்டு ஒரு காலிப்பர். அந்தக் கவ்வலுக்குள் இரண்டு பேட்கள். பழையதை உருவினாள். உள்பக்கத்து பேட் வெறும் தகடாகிவிட்டிருந்தது. இதை வைத்துக்கொண்டா ஐந்து மாதம் ஓட்டினேன் என்று அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

புது பேட் தடிமன். அது உள்ளே போகவேண்டுமென்றால், வெளியே தள்ளிக்கொண்டு நின்ற பிஸ்டனை முதலில் உள்ளே அமுக்க வேண்டும். கட்டைவிரலால் அமுக்கினாள், ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினாள். அசையவில்லை. காலிப்பரின் பின்புறம் ஒரு சின்ன நிப்பிள் இருந்தது. அதைத் தளர்த்தினால் சுலபமாகுமோ என்று தளர்த்தினாள். மறுபடி அமுக்கியதும் பிரேக் ஆயில் பீச்சிக்கொண்டு வந்தது, பிஸ்டன் சரேலென்று உள்ளே போயிற்று. ஜெயித்துவிட்டதாக நினைத்தாள். பேட்களைச் செருகி, முடுக்கி, அடுத்த சக்கரத்தையும் அதே மாதிரி முடித்து, தரையில் இறக்கி, டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பிரேக்கை மிதித்தாள். பஞ்சு மூட்டையை மிதித்த மாதிரி அது நேராகத் தரைக்குப் போயிற்று.

பிரேக் குழாய்க்குள் காற்று புகுந்துவிட்டது என்பது அவளுக்கு உடனே தெரிந்தது. அந்தப் பஞ்சு மிதி அவள் காலுக்குப் பழக்கம். காத்தை எடுக்கணும் என்று சொல்லித்தான் அண்ணன் அவளை உட்கார வைத்து அழுத்து, விடு என்பான். ஒருவர் மேலே மிதிக்க வேண்டும், ஒருவர் கீழே நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். ஒரே ஆள் செய்கிற வேலை இல்லை. கிரீஸ் கையை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டீயரிங்குக்கு எதிரே அப்படியே உட்கார்ந்திருந்தாள். தெருவில் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்று யோசித்தாள். எல்லோரையும் தெரியும். கூப்பிடுகிற அளவுக்கு ஒருவரையும் தெரியவில்லை.

"இன்னா மாமி, காலைலேந்து வண்டியாண்ட பூந்து பூந்து எந்திரிக்கிற? இன்னா ஆச்சு?"

செல்வமேரி. எதிரில் பாதி கட்டிய வீட்டுக்குக் காவலாகப் புருஷனோடு குடிசை போட்டுக்கொண்டிருந்தவள். சிமெண்டுத் தூசி அப்பிய புடவையோடு காம்பவுண்டு கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு வருஷமாக எதிரெதிரே இருந்தும், லாரித் தண்ணீர் வந்துவிட்டதா என்பதற்கு மேல் பேசியதில்லை.

"செல்வமேரி, உள்ள வா. இந்த சீட்டுல உக்காந்து நான் சொல்றப்போ மிதிக்கணும்."

"ஐயே, நானா? வண்டி ஓடிச்சுன்னா? பயமா கீது மாமி."

"சாவி என்கிட்ட இருக்கு. ஓடாது."

செல்வமேரி புடவையை உதறி, சீட்டின் நுனியில் கூசிக்கொண்டு உட்கார்ந்தாள். லோகநாயகி சாக்கை விரித்துப் படுத்தாள். நிப்பிளில் அண்ணனுடைய ரப்பர் குழாயைச் செருகி, மறுமுனையை ஹார்லிக்ஸ் பாட்டிலில் விட்டாள்.

"அழுத்து."

"அமுக்கிட்டேன்."

"அப்படியே பிடிச்சுக்கோ. எடுத்துடாதே. ம், விடு."

குழாயில் குமிழ் குமிழாகக் காற்று வந்தது. முதலில் செல்வமேரி அவசரப்பட்டுக் காலை எடுத்துவிட்டாள், மறுபடி ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. "இன்னா மாமி, ஆஸ்பத்திரில மூச்சு இழுத்து உடு, இழுத்து உடுன்னு சொல்றாப்புல கீதே," என்று அவள் மேலிருந்து சிரித்தாள். லோகநாயகிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டாவது சக்கரத்தில் இருவருக்கும் கை வந்துவிட்டது. கடைசியில் குமிழ் நின்று வெறும் எண்ணெய் வந்தது. மிதித்த செல்வமேரியே கண்டுபிடித்தாள்: "மாமி, இப்ப கல்லு மாரி நிக்குது!"

இருவரும் வாசல்படியில் உட்கார்ந்து காப்பி குடித்தார்கள். செல்வமேரி கீழ்க்கட்டளையில் இருக்கும் தன் அக்காவைப் பற்றிச் சொன்னாள். புருஷன் கூப்பிட்டதும் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு எழுந்து போனாள்.

சாயங்காலம் லோகநாயகி கோயம்புத்தூருக்கு போன் செய்தாள்.

"அண்ணா, பேட் மாத்திட்டேன். நானே."

"நீயேவா? நிஜமாவா? பிரேக் பிடிக்கறதா?" தோத்தாத்ரி வாய்விட்டுச் சிரித்தான். "ரமா, கேட்டியா, லோகா தானே பிரேக் மாத்திட்டாளாம்!" பின்னாலிருந்து ரமா ஏதோ சந்தோஷமாகச் சொன்னது கேட்டது. "பலே லோகா. எனக்கு அதே கவலையா இருந்தது போ. அப்போ இந்த மாசம் நான் அலைய வேண்டாம், என்ன? தீபாவளி ஆகட்டும், பார்ப்போம்."

"ஆகட்டும்ணா," என்றாள்.

போனை வைத்த பிறகும் அதன் பக்கத்திலேயே நின்றாள். அவன் குரலில் ஒரு பாரம் இறங்கியது அவளுக்குத் தெளிவாகக் கேட்டிருந்தது. ஐந்து மாதமாக அவன் வருவதற்கு அந்த வீட்டில் ஒரு வேலை காத்திருந்தது. காலையில் அதைத் தன் கையாலேயே முடித்துவிட்டாள். அதற்காக வருத்தப்படுவதா, வேண்டாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. நகக்கண்ணில் கிரீஸ் போகவே இல்லை. சீயக்காய் போட்டுத் தேய்த்தாள்.

தீபாவளிக்கு அவர்கள் வந்தார்கள். அடுத்த வருஷம் பொங்கலுக்கு. அப்புறம் வருஷத்துக்கு ஒருதரம் என்று ஆயிற்று.

செல்வமேரியோடு பேச்சு அன்றோடு நிற்கவில்லை. சில ஞாயிறுகளில் அவள் கேட்டில் நின்று, "இன்னா மாமி, அமுக்கணுமா?" என்று கேட்டுச் சிரிப்பாள். ஆனால் வீடு கட்டி முடிந்ததும் மேஸ்திரி அவர்களைப் படப்பைப் பக்கம் வேறொரு கட்டடத்துக்கு அனுப்பிவிட்டார். எந்த இடம் என்று லோகநாயகி கேட்டுக்கொள்ளவில்லை. சொல்லிக்கொள்ள செல்வமேரி வந்த அன்று அவள் ஆபீஸில் இருந்தாள்.

தொண்ணூற்றாறில் பேட் மறுபடி தேய்ந்தது. இந்தத் தடவை லோகநாயகி தச்சர்கள் பலகையை இறுக்கிப் பிடிக்கிற கிளாம்ப் ஒன்று வாங்கி வைத்திருந்தாள். அதை மெதுவாகத் திருகினால் நிப்பிளைத் தொடாமலே பிஸ்டன் உள்ளே போய்விடுகிறது, காற்று புகுவதில்லை. யாரும் மேலே உட்கார வேண்டிய அவசியம் இல்லை. பாதி நாள் வேலை, ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர் வாசலுக்கு வந்து, "மேடம், எந்த மெக்கானிக் வந்து பண்றார்? எனக்கும் நம்பர் குடுங்களேன்," என்றார்.

"நானேதான் சார்."

வேடிக்கையாகச் சொல்கிறாள் என்று நினைத்து அவர் சிரித்துவிட்டு உள்ளே போனார்.

லோகநாயகி ஸ்பேனர்களைத் துடைத்து வைத்தாள். குளித்துவிட்டு வந்து பார்த்தபோது சாதம் ஆறிப்போயிருந்தது. மோர் விட்டுச் சாப்பிட்டாள். வெயில் தணிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு முடிச்சூர் வழியாகப் படப்பை வரை போனாள். வழியெல்லாம் புதுக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. சாரம் கட்டிய ஒவ்வொரு வீட்டருகிலும் வேகத்தைக் குறைத்து, அதன் ஓரமாகப் போட்டிருந்த குடிசையைப் பார்த்துக்கொண்டே ஓட்டினாள்.