விரால் இல்லாமல் வீடு திரும்புவதில்லை

டைபாய்டு காய்ச்சல் விட்ட பிறகும் என் மனைவிக்குச் சோறு இறங்கவில்லை. குழம்பு தாளிக்கும் வாசனை வந்தாலே வாயைப் பொத்திக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவாள். ஒருநாள் அவளே கேட்டாள்.

"நாகாலாந்துல பக்கத்து வூட்டம்மா புகை போட்ட மீனு குடுப்பாங்களே, அது கெடச்சா ரெண்டு வாய் உள்ள போகும்."

நான் ராணுவத்தில் இருந்தபோது கொஞ்ச காலம் அங்கே குவார்ட்டர்ஸில் குடும்பத்தோடு இருந்தோம். இங்கே எங்கள் ஊர் செந்துறையில் அந்த மீனுக்கு எங்கே போவது? நானே போட்டுவிடுவது என்று முடிவெடுத்தேன்.

முதலில் மார்க்கெட் மீனில் முயன்றேன். ஐஸில் கிடந்து நைந்த மீன்; புகையில் தொங்கவிட்டதும் சதை பிய்ந்து நெருப்பில் விழுந்தது. உயிரோடு பிடித்த மீன்தான் சரிப்படும், அதுவும் கெட்டிச் சதையுள்ள விரால்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் தூண்டிலோடு ஏரிக்குப் போனேன். மச்சினனும் கூட வந்தான். மண்புழுவுக்கு உள்ளங்கை அகல ஜிலேபிக் கெண்டைகள்தான் மாட்டின. கோரை ஓரமாகச் சின்னத் தவளையைக் கோத்துப் போட்டபோது ஒரு விரால் கவ்வியது. இழுத்த இழுப்பில் தூண்டில் நரம்பே அறுந்துபோனது.

வெயில் ஏறியது. மச்சினன் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டான்.

"மாமா, ஜிலேபியே போதும், வாங்க போவோம்."

"நீ போ. விரால் இல்லாம நான் வர்றதா இல்ல."

அவன் முணுமுணுத்துக்கொண்டே போனான். கொஞ்ச நேரத்தில் டீயும் பன்னும் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தான். அதற்குள் நான் தடித்த நரம்பு மாற்றியிருந்தேன். அடுத்த விரால் கவ்வியதும் கோரைக்குள் புகுந்துகொண்டது. இந்த முறை இழுக்கவில்லை. நரம்பைத் தளரவிடாமல் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, கோரையை விலக்கி, செவுளில் விரல் கொடுத்துத் தூக்கினேன். கரையில் நின்ற மச்சினன் போட்ட சத்தத்தில் மாடு மேய்த்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதன்பின் அவனும் கிளம்பச் சொல்லவில்லை. இன்னொன்றும் கிடைத்தது.

வீட்டுக்குப் பின்னால் பழைய எண்ணெய் டிரம்மின் அடியில் வாய் வெட்டி, மேலே கம்பி போட்டு வைத்திருந்தேன். மீனைக் கழுவிக் கீறி, உப்புத் தடவி, ஈரம் காயவிட்டுத் தொங்கவிட்டேன். கொய்யா விறகைப் பற்றவைத்ததும் தீ குபுகுபுவென்று எழும்பியது. இந்த மீனும் நெருப்பில் வீணாகிவிடுமோ என்று பதறினேன்.

உள்ளே படுத்திருந்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"தீ எதுக்குங்க? புகைதான வேணும்! மட்டையை நனைச்சுப் போடுங்க."

நனைத்த தேங்காய் மட்டையைப் போட்டேன். தீ அடங்கிப் புகை சூழ்ந்தது. பக்கத்து வீட்டுக்காரர் வாளித் தண்ணீரோடு ஓடி வந்தார்.

"என்னங்க, வைக்கப்போரு பத்திக்கிச்சா?"

விஷயத்தைச் சொன்னதும் வாளியைக் கீழே வைத்துவிட்டு அவரும் நின்றுகொண்டார். அவளை உள்ளே போகச் சொன்னேன்; கேட்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தீ தலைகாட்டும் போதெல்லாம் என்னை விரட்டினாள். எனக்குக் கண்ணெல்லாம் எரிந்தது.

பொழுது சாயும்போது மீன் கரும்பொன் நிறத்துக்கு வந்துவிட்டது. முள் நீக்கி, ரசம் சோற்றோடு வைத்தேன். ஒரு வாய் மென்றாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உப்பு கொஞ்சம் தூக்கல்" என்றாள்.

மச்சினன் சிரித்துவிட்டான். அவள் எங்கள் இருவரையும் கண்டுகொள்ளாமல் தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் சோறு கேட்டாள்.