மலரக்கா ஏறிய கோட்டை

மில்லிக்கனில் ஒரு பிளாசாவின் வாகனத் தரிப்பிடத்தில் இருந்தபோது செய்தி வந்தது. மலரக்கா போய்விட்டார். கார் நின்றுகொண்டுதான் இருந்தது. ஆனாலும் பிரேக்கை மிதித்தேன்.

இன்று அவரை வழியனுப்ப வந்திருக்கும், மிசிசாகா அலுவலகத்தில் அவரோடு வேலை செய்த உங்களுக்கு அவருடைய சிரிப்புத் தெரியும். கனடா தினத்து வாணவேடிக்கை தொடங்கினால் குளியலறைக் கதவைச் சாத்தி, தண்ணீரைத் திறந்துவிட்டு உள்ளேயே இருப்பார் என்பது சிலருக்குத்தான் தெரியும். யாழ்ப்பாணக் கோட்டைக்குப் பக்கத்தில் வளர்ந்தவர். உள்ளே இராணுவம். அங்கிருந்து செல், அதாவது எறிகணை, புறப்படும் சத்தம் கேட்டதும் நிலத்தில் படுத்து, அது விழும் சத்தத்துக்காகக் காத்திருப்பார்களாம். வேறெங்கோ விழுந்தது கேட்டால், பிழைத்தோம்.

போன வருடம் அலுவலகத்தில் சிலர் சேர்ந்து புளோரிடாவுக்குப் போனோம். மற்றவர்கள் கடலில் குளிக்கப் போனார்கள். மலரக்கா, சென் ஒகஸ்தீனில் ஸ்பானியர் கட்டிய கடற்கோட்டைக்குப் போகவேண்டும் என்றார். அங்கே பழைய பீரங்கியைச் சுட்டுக் காட்டுவார்கள் என்று எச்சரித்தேன்.

“ஓம், தெரியும். அதுக்குத்தான் வாறன். ஒரு கோட்டையை எண்டாலும் மேல நிண்டு பாக்கவேணும்.”

சிப்பிகள் இறுகிய கல். அதைத் தடவியபடி ஏறினார். நடுவில் நின்றார். திரும்புவோமா என்று நான் கேட்கவில்லை.

மேலே காற்று. கடல். பழங்காலப் படையுடுப்பில் சிலர் பீரங்கிக்குள் வெடிமருந்து இடித்தார்கள். அவர் கையைப் பிடித்தேன். விடுவித்துக்கொண்டார்.

வெடித்தது.

குந்தியது நான். ரொறன்ரோவில் பிறந்த நான். தலையை நிமிர்த்தியபோது அவர் நின்றுகொண்டிருந்தார். புகை கலைந்தது. சனம் கைதட்டியது. அவர் மட்டும் தலையைச் சாய்த்து, கேட்டுக்கொண்டே இருந்தார்.

“இன்னும் விழேல்லை,” என்றார்.

வெறும் மருந்துதான் அக்கா, குண்டு இல்லை என்றேன்.

கடலைப் பார்த்தார். பிறகு அந்தச் சிரிப்பு.

“எழும்பும் பிள்ளை. நான் நிக்கிறன், நீர் குந்தியிருக்கிறீர். ஆரும் பாத்தா என்ன நினைப்பினம்?”

அடுத்த முறை சுடும்வரை இறங்க மறுத்துவிட்டார். அந்த முறை முதலில் கைதட்டியவர் அவர்தான்.

இந்த வருடக் கனடா தினத்தன்று அவரிடமிருந்து அழைப்பு வந்தது. நோய் முற்றியிருந்தது; குரல் மெலிந்திருந்தது. தண்ணீர்ச் சத்தம் இல்லை. பல்கனியில் கதிரை போட்டு இருக்கிறாராம். போனை வெளியே நீட்டிக்கொண்டு கேட்டார்:

“கேக்குதே?”

அந்த ஒரு சொல்லை வைத்திருக்கிறேன். அதன் பின்னால், வானம் முழுக்க வெடித்ததையும்.