தானாக நிற்கும் கேமரா

லக்ஷ்மிநாராயணன் போன பிறகுதான், கல்யாண போட்டோவுக்கு அப்புறம் அவர் படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை என்பது தெரிந்தது. ஆல்பங்கள் நிறைய இருந்தன. எல்லாப் படத்தையும் எடுத்தவர் அவர். அதனால் எதிலும் அவர் இல்லை. கடைசியில் துறைமுக ஆபீஸ் அடையாள அட்டையிலிருந்த முகத்தைப் பெரிதாக்கக் கொடுத்தார்கள். ஸ்டூடியோக்காரர் மரியாதைக்காகக் கோட்டும் டையும் சேர்த்துவிட்டார். ஆயுசு முழுக்க அரைக்கைச் சட்டை போட்ட மனிதர், மாலைக்குள் ஏதோ கம்பெனி மேனேஜர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

அவர் மனைவி சுந்தரவல்லிக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. 2006 நவராத்திரிக்கு முன்னால், மகள் மீரா டிஜிட்டல் கேமரா வாங்கக் கிளம்பியபோது, "நானும் வரேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டாள்.

கரியாஹாட் கடைத்தெருவில் துர்கா பூஜைக்குச் சாமான் வாங்கும் கூட்டம். கடைக்காரர் மெல்லிசாக, வெள்ளியாய்ப் பளபளத்த ஒன்றை எடுத்து வைத்து, மெகாபிக்சல், ஸூம் என்று பெங்காலியில் அடுக்கினார். விலையைக் கேட்டு மீரா உதட்டைப் பிதுக்கினாள்.

"எடுக்கறவாளும் படத்துல விழணும். அதுக்கு வழியிருக்கான்னு கேளுடி" என்றாள் சுந்தரவல்லி.

"எல்லாத்துலயும் டைமர் இருக்கும்மா. அமுக்கிட்டு ஓடிப்போய் நின்னுக்கலாம்."

"அதுவரைக்கும் யார் பிடிச்சுப்பா?"

"யாரும் பிடிக்க வேண்டாம். எங்கேயாவது வெச்சுடலாம்."

சுந்தரவல்லி வெள்ளிக் கேமராவைக் கண்ணாடி மேஜைமேல் நிறுத்தினாள். அடிப்பக்கம் வளைவு. தொப்பென்று மல்லாந்தது.

"மாஷிமா, இது கேமரா, சந்தேஷ் ஸ்வீட் டப்பா இல்லை!" கடைக்காரர் பதறினார்.

"நிக்கத் தெரியாததை வாங்கி நான் என்ன பண்றது?"

ஷெல்ப் மூலையில் தடியாய், கறுப்பாய் ஒன்று இருந்தது. பழைய மாடல், இரண்டு பென்சில் செல் போட வேண்டும், பாதி விலை. அதைக் காட்டவே அவர் கூச்சப்பட்டார். சுந்தரவல்லி அதை நிறுத்தி, மேஜையை லேசாகத் தட்டிப் பார்த்தாள். அசையவில்லை.

"செங்கல் மாதிரி இருக்கேம்மா!"

"இருக்கட்டும். உங்கப்பா கையும் ஆடாது."

வீட்டில் அதை ஃப்ரிட்ஜ்மேல் வைத்தார்கள். மீரா பட்டனை அழுத்திவிட்டு ஓடிவந்து, கொலுப்படிக்கு முன்னால் அம்மாவுக்கும் கணவன் கௌசிக்குக்கும் நடுவில் புகுந்துகொண்டாள். சிவப்பு விளக்கு சிமிட்டிச் சிமிட்டி, பளிச்சென்றது.

சின்னத் திரையில் மூன்று பேரும் இருந்தார்கள். யாரும் விட்டுப்போகவில்லை.

"நீ மட்டும் எங்கேம்மா பாக்கறே?"

சுந்தரவல்லி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தாள். அவர்கள் இருவரும் கேமராவைப் பார்த்துக்கொண்டிருக்க, அவள் பார்வை மட்டும் அதற்குச் சற்று மேலே இருந்தது. பழைய ஆல்பங்களிலும் அப்படித்தான். கேமராவுக்கு மேலே தெரியும் அவர் நெற்றியைத்தான் அவள் பார்ப்பாள்.

"இன்னொண்ணு எடுக்கட்டுமா?"

"வேண்டாம்டி. இதுவே நன்னாருக்கு."